முடியாதம்மா சொன்ன சரி

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பேர் தெரியாது. முடியாதம்மா என்றால்தான் தெரியும். இளம் வயதிலேயே நகர்மன்றத்துக்கு உறுப்பினராகப் போனவள், பிறகு தலைவரானாள். தலை நரைக்கும்வரை அந்த நாற்காலியிலிருந்து ஊர் அவளை இறங்கவிடவில்லை. அத்தனை வருஷத்திலும் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான். சாக்கடையை அரைகுறையாக மூடிவிட்டுக் கையெழுத்துக்கு வந்து நிற்கிற ஒப்பந்தக்காரரிடம், "முடியாது." ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குப்பை கொட்ட இடம் கேட்டவரிடம், "முடியாது." அமைச்சரின் மைத்துனன் என்று மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவனிடம், "அமைச்சரே வந்தாலும் முடியாது. மைத்துனனுக்கு எப்படி முடியும்?" என்றாள். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் ஒரு பக்கம் அவருடைய மெஷின், இன்னொரு பக்கம் அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலிகள். பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டி, சோறூட்டி, தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் அவர்தான். "எங்க வீட்ல நான்தான் அம்மா. அவங்க தலைவர்" என்று பல்லுக்கிடையில் நூலைக் கடித்தபடியே சொல்வார். அதில் குறையும் இருக்காது, குத்தலும் இருக்காது. அவளைத் தனியாகக் கூப்பிடும்போதும் "தலைவரே" என்றுதான் கூப்பிடுவார். பதவியைவிட்டு இறங்கிய பிறகும் முன்னறை நாற்காலிகள் காலியாகவில்லை. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, மருமகன் அடிக்கிறான் என்று யாராவது ஒருத்தர் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி இருந்தவள் ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது குளியலறையிலேயே சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலக்கையும் வலக்காலும் வேறு யாருடையவோ மாதிரி பக்கத்தில் கிடந்தன. டாக்டர் குனிந்து, "அம்மா, உங்க பேர் என்ன?" என்று கேட்டார். பேர் நெஞ்சுக்குள் பளிச்சென்று நின்றது. சொன்னாள்.

"சரி" என்று வந்தது.

"இது எந்த இடம்னு தெரியுதா?"

ஆஸ்பத்திரி என்று சொன்னாள். "சரி."

"வலிக்குதா?"

"சரி."

தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். உள்ளே ஒரு குறையும் இல்லை. யார் வந்திருக்கிறார்கள், மருமகள் எதற்கு அழுகிறாள், கட்டிலுக்கு மேலே விசிறி ஏன் கிறீச்சிடுகிறது, எல்லாம் புரிகிறது. சொல்லவேண்டியதெல்லாம் நெஞ்சில் வரிசை கட்டி நிற்கிறது. வாய் என்கிற வாசலில் மட்டும் யாரோ ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு, வருகிற சொல்லையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒரே சொல்லை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான்.

தலையையாவது ஆட்டலாமே என்றால் அதுவும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இல்லை என்று ஆட்ட நினைத்தால் மேலும் கீழும் ஆடியது. எழுதலாமென்றால் வலக்கை போச்சு. இடக்கையில் பேனாவைக் கொடுத்தால் எழுத்தெல்லாம் கோழி கிளறின குப்பை. "மூளையில பேச்சை இயக்குற இடத்துல அடி. இந்த மாதிரி ஒரே வார்த்தை மட்டும் தங்கிடுறது உண்டு. அவங்க சொல்றதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க" என்று டாக்டர் வீட்டாரிடம் சொன்னார். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துபோனார்கள்.

வேண்டுமென்றே மறக்கவில்லை. பாதி நேரம் அவள் சொன்ன சரி உண்மையாகவே சரியாக இருந்ததுதான் வினையாயிற்று. "ஜன்னலைத் திறக்கட்டுமா?" "சரி." திறந்தால் அவள் முகம் மலரும். "படுக்கறீங்களா அத்தை?" "சரி." படுக்க வைத்தால் தூங்கிவிடுவாள். மீதிப் பாதி யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பிறந்ததிலிருந்து பால் ஆகாது. வாசனை பட்டாலே குமட்டும். அது தையல்காரருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் உடம்பு தேறவேண்டுமே என்று ஒருநாள், "தலைவரே, கொஞ்சம் பால் குடிச்சுப் பாக்கறியா?" என்று கேட்டார். "சரி" என்று வந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து காலையும் மாலையும் பால். இடக்கையால் டம்ளரைத் தட்டிவிட்டாள். "பாவம், கை நடுங்குது" என்று ஸ்பூனால் ஊட்ட ஆரம்பித்தார்கள். அன்பு அப்படி நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டால் எந்தப் பக்கம் ஓடுவது?

காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது மகன். பெயின்ட் கடை வைத்திருந்தான். தூக்கும்போது அவன் சட்டையில் டர்பன்டைன் வாசனை அடிக்கும். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சின்ன வயதில் அவனை எத்தனை தடவை தூக்கியிருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வந்ததெல்லாம் தையல்காரர் தோளில் அவன் தூங்கிய காட்சிதான்.

இந்த நிலையில்தான் இப்போதைய தலைவர் வீட்டுக்கு வந்தார். அவள் தலைவராக இருந்தபோது இளம் உறுப்பினராக இருந்தவர். அவள் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். வந்தவர் அவள் காலருகே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவள் இடக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, உங்களுக்கு ஊர் ஒண்ணுமே திருப்பிச் செய்யல. பெரிய திடல்ல ஒரு வணிக வளாகம் கட்டப்போறோம். நாலு மாடி. உங்க பேரைத்தான் வைக்கிறோம். என்ன சொல்றீங்க?"

பெரிய திடலா! முடியாது, முடியாது, முடியாது என்று உள்ளே கத்தினாள்.

"சரி" என்றாள்.

தலைவரின் முகம் பூத்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா. உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டுக்கொண்டே, தன்னோடு வந்து பக்கத்தில் நின்றவருக்குக் கண்ணைக் காட்டினார். அவர் போனை நீட்டி வீடியோ படம் பிடித்தார்.

வாயை மூடிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. மறுத்துவிடலாம், இந்தத் தடவை எப்படியாவது வந்துவிடும் என்று மூச்சைக் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள்.

"சரி!"

"பாத்தீங்களா, எவ்வளவு ஆவேசமாச் சொல்றாங்க!" என்றார் தலைவர்.

மறுநாளே அந்தப் படம் ஊரெல்லாம் கைக்குக் கை போயிற்று. முடியாதம்மாவே சரின்னுட்டாங்க, இனி யார் என்ன சொல்ல முடியும் என்று கடைத்தெருவில் பேச்சு. திடலைக் காப்பாற்ற வாய் திறந்திருக்கக்கூடிய நாலு பேரும் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தத் திடலுக்காக அவள் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊரிலேயே பள்ளமான இடம் அது. எட்டுத் தெருத் தண்ணீரும் வந்து விழுவது அங்கேதான். அவள் தலைவரான புதிதில் ஒரு பெருமழை. வானம் பொத்துக்கொண்டதுபோல் கொட்டியது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ஆட்களோடு நின்று, அடைத்துக்கொண்டிருந்த வாய்க்கால்களைத் திறந்துவிட்டு, தண்ணீரையெல்லாம் திடலுக்குத் திருப்பினாள். திடல் கடல் மாதிரி ஆயிற்று. கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் தப்பின. "திடல் இந்த ஊரோட வயிறு. அதுல கல்லைக் கட்டினா, குடிச்ச தண்ணியெல்லாம் வாய் வழியாத்தான் வரும்" என்று மன்றத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அந்த இடத்தின்மேல் கண் வைத்தார்கள். ஒருத்தரையும் விடவில்லை.

அந்த மழையை நினைத்தால் கூடவே இன்னொன்றும் வரும். அப்போது மகளுக்குச் சின்ன வயது. காய்ச்சலில் அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தாள். தையல்காரர்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தண்ணீரில் நடந்து டாக்டரிடம் போய் வந்தார். மழை விட்டு, அவள் சேறும் சகதியுமாக வீடு திரும்பியபோது, கட்டிலில் சாய்ந்திருந்த மகள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அப்பா, விருந்தாளி வந்திருக்காங்க."

தையல்காரர் அதை ஒரு வேடிக்கைப் பேச்சாக எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் மகளும் சிரிக்கவில்லை.

பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். மகள் வெளியூரிலிருந்து வந்து இறங்கினாள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி வருவதையும் போவதையும் அறிவிக்கிற வேலை அவளுக்கு. குரல் கணீரென்று இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். வந்தால் அப்பாவோடுதான் பேச்சு. அம்மாவுக்கு உடம்புக்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு, விடுப்பு இல்லை என்று போனவள்.

வந்த அன்று மாலை அம்மாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். தையல்காரர் பால் டம்ளரோடு வந்தார். "குடிக்கறியா தலைவரே?" "சரி."

மகளின் கை சீப்போடு நின்றது. முன்பக்கம் வந்து அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, அவங்களுக்கு வேணாம்."

"சரின்னு சொன்னாளேம்மா?"

"வாய்தான் சொல்லுச்சு. மூஞ்சியைப் பாருங்க. மூக்கு ஓரம் சுருங்கி, கண்ணு பாதி மூடி... இது எனக்குத் தெரியாதா? சுற்றுலாவுக்கு அனுப்பும்மான்னு கேட்டப்ப இந்த மூஞ்சி. ஆண்டு விழாவுக்கு வாம்மான்னு கேட்டப்ப இந்த மூஞ்சி. ஊர்க்காரங்க அம்மாகிட்ட முடியாதுன்னு கேட்டதைவிட நான் அதிகம் கேட்டிருக்கேன்."

அவள் பாலை எடுத்துக்கொண்டு போய், வெறும் தேநீர் போட்டு வந்து வாயருகே வைத்தாள். அம்மா மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்ததும் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தையல்காரர் காலி டம்ளரைப் பார்த்தபடியே நின்றார். "இத்தனை நாளா நான் ஊட்டினேனே" என்றார்.

மகளுக்கு அப்போதுதான் பொறிதட்டியது. அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "அம்மா, திடல்ல கட்டடம் கட்டறது உனக்குச் சம்மதமா?"

"சரி." மூக்கோரம் சுருங்கியது.

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் சொன்னாள். அவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"நீ வருஷத்துக்கு ஒரு நாள் வர்றவ. தினம் தூக்கி உட்கார வைக்கிறவன் நான். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"உனக்கும் தெரியும்ணா. தெரியாத மாதிரி இருக்க."

"சரி, தெரியும்னே வச்சுக்க. வளாகத்து முகப்புல ஒரு கடை எனக்குத் தர்றேன்னு தலைவர் சொல்லியிருக்காரு. நான் ஒளிக்கல. இந்தச் சந்துல என் கடைக்கு யார் வர்றா? அம்மா ஊருக்கே உழைச்சாங்க. ஊர்ல எல்லார் வீட்டுக்கும் குழாய் வந்துச்சு, கடைசியா நம்ம வீட்டுக்கு வந்துச்சு. ஏன்னு கேட்டா, தலைவர் வீட்டுக்கு முதல்ல போட்டா நாலு பேர் பேசுவாங்களாம். ஊருக்குன்னா எல்லாம் உண்டு, எங்களுக்குன்னா முடியாது. ஒரே ஒரு தடவை, அம்மா பேரால இந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்லது நடந்தா என்ன குடி முழுகிப் போகுது?"

பக்கத்து அறையில் கட்டிலில் கிடந்தபடி அவள் அத்தனையும் கேட்டாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. எழுந்து போய் அவன் எதிரில் உட்கார்ந்து, அது இல்லைப்பா விஷயம் என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசலாம்போல் இருந்தது. எழுந்திருக்கவும் முடியாது, ஆரம்பிக்கவும் முடியாது. சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

விழா நகர்மன்ற மண்டபத்தில், பிற்பகலில். அவள் காலத்தில் கட்டிய மண்டபம்தான். மகன் அவளை நாற்காலியோடு மேடையில் ஏற்றினான். முன்வரிசையில் தையல்காரரும் மகளும் மருமகளும். கூட்டம் வாசல்வரை நின்றது. சந்தையில் காய்கறி விற்கிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், அவளிடம் ஒரு காலத்தில் முடியாது வாங்கிய ஒப்பந்தக்காரர்கள், எல்லாரும் இருந்தார்கள். துப்புரவுக்காரப் பெண் ஒருத்தி மேடையோரம் வந்து, "அம்மா, என்னை ஞாபகமிருக்கா?" என்று கையைத் தொட்டாள். நன்றாக ஞாபகமிருந்தது. அவளுக்கு வேலை போனபோது மன்றத்தில் சண்டை போட்டு மீட்டுக்கொடுத்தது, அவள் கைக்குழந்தையோடு வந்து நின்றது, எல்லாம். "சரி" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஒவ்வொருத்தராக எழுந்து அவள் வாழ்க்கையை அவளுக்கே சொன்னார்கள். ஒருத்தர் அவள் போடாத சாலையைப் போட்டதாகச் சொன்னார். ஒருத்தர் பெருமழையை ஐந்து வருஷம் தள்ளி வைத்தார். இன்னொருவர் நெகிழ்ந்துபோய், "எத்தனை வேலையிருந்தாலும் தன் பிள்ளைகளுக்குத் தன் கையால் சோறு ஊட்டாமல் அம்மா ஒருநாளும் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை" என்றார். முன்வரிசையில் தையல்காரருக்கு இருமல் வந்துவிட்டது. அவளுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. ஆனால் திருத்த முடியாத வாழ்க்கையை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது, தன்னை வைத்துக்கொண்டே தனக்குத் துக்கம் கொண்டாடுவதுபோல் இருந்தது.

கடைசியாகத் தலைவர் எழுந்தார். பெரிய திடல், நாலு மாடி, அவள் பேர். கைதட்டல். ஒலிவாங்கியை அவள் வாயருகே கொண்டுவந்தார். "அக்கா, உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை. ஊர் கேக்கட்டும்."

வீட்டில் செய்த தப்பை இந்தத் தடவை அவள் செய்யவில்லை. முடியாது என்றுதான் சொல்ல முடியாது. சரி என்று சொல்லாமல் இருக்க முடியுமே! பல்லைக் கடித்து உதட்டை இறுக்கிக்கொண்டாள். மண்டபம் காத்திருந்தது. "சொல்லுங்க அக்கா." வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. நெற்றி வியர்த்து வழிந்தது. மகன் குனிந்து, "அம்மா, சொல்லும்மா" என்றான். தாடை நடுங்க நடுங்க மூடியே வைத்திருந்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

தலைவர் பழம் தின்று கொட்டை போட்டவர். சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார். "மௌனம் சம்மதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. "இருந்தாலும் நம்ம அக்கா குரலைக் கேக்காமப் போகமுடியுமா?" என்று கையைக் காட்டினார். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் அவள் முகம் வந்தது. கழுத்து நரம்பு புடைக்க, மண்டபமே அதிர, "சரி!" என்றது.

கைதட்டல் காதைப் பிளந்தது. அவளால் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. பேசினால் சம்மதம், பேசாவிட்டாலும் சம்மதம். தன் குரலே தன்னைக் கட்டிப்போடுகிறது. இனி எந்தப் பக்கமும் வழியில்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள் மகளின் குரல் கேட்டது. மேடைக்கு ஏறி வந்திருந்தாள். காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, இவங்களுக்குப் புரியவைக்க ஒரு வழிதான் இருக்கு. உன்னைக் கண்டமேனிக்குக் கேள்வி கேக்கப்போறேன். ஊர் உன்னைப் பாத்துச் சிரிக்கும். கேக்கட்டுமா?"

அவளுக்கு உடனே புரிந்தது. இத்தனை காலம் இந்த ஊர் முன்னால் அவள் ஒருநாளும் தடுமாறி நின்றதில்லை. ஜுரத்தோடு போய்ப் பேசியிருக்கிறாள். மாமியார் செத்த மறுநாள் கண்ணீர் காட்டாமல் கூட்டம் நடத்தியிருக்கிறாள். அந்த நிமிர்வு ஒன்றுதான் கையில் மிச்சமிருந்த சொத்து. அதையும் கொடு என்கிறாள் மகள்.

கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

இது நிஜமான சரி. அது மகளுக்கு எப்படித் தெரியும்? அவள் கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். மூக்கோரம் சுருங்கவில்லை. நிமிர்ந்து, தலைவர் கையிலிருந்த ஒலிவாங்கியை, தன் வேலையிடத்தில் எடுப்பதுபோல் சாதாரணமாக எடுத்துக்கொண்டாள்.

"நான் இவங்க பொண்ணு. ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன். அம்மா, உன் பேர் என்ன?"

"சரி."

கூட்டம் புரியாமல் பார்த்தது.

"நீ ஆம்பளையா?"

"சரி."

எங்கோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அது தொற்றிக்கொண்டது.

"உனக்கு இறக்கை இருக்கா?"

"சரி."

இப்போது பாதி மண்டபம் சிரித்தது. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் எரிந்தது. ஆனாலும் வாயை மூடவில்லை. வரட்டும் என்று திறந்தே வைத்திருந்தாள்.

"இந்த மண்டபத்தை நாளைக்கே இடிச்சுப் போடலாமா? தலைவர் ஐயாவை வேலையைவிட்டு அனுப்பிடலாமா?"

"சரி. சரி."

சிரிப்பு முன்வரிசையிலிருந்து அடங்க ஆரம்பித்துப் பின்னால் போயிற்று. மகளின் கணீர்க்குரல் உடைந்திருந்தது. "எங்கம்மாகிட்ட இருக்கறது இந்த ஒரு வார்த்தைதான். வேற எல்லாம் போச்சு. அவங்களுக்கு எல்லாம் புரியும், சொல்லத்தான் முடியாது. திடலுக்கு அவங்க சரின்னு சொன்னது இந்தச் சரிதான். உங்களுக்கு வேணும்னா கட்டிக்கங்க. எங்கம்மா சொன்னாங்கன்னு மட்டும் கட்டாதீங்க."

துப்புரவுக்காரப் பெண் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தையல்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு மேடையில் ஏறி, மனைவியின் நெற்றியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். மகன் மட்டும் மேடையின் ஓரத்தில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். தலைவர் ஒலிவாங்கியை வாங்கி, அம்மா உடம்பு தேறி வந்ததும் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வார்த்தை சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. வளாகத்துக்கு வேறு இடம் பார்ப்பது என்று தள்ளி வைத்தார்கள். திடல் அப்படியே கிடந்தது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

வீட்டில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. மகள் பதில் வாங்கிய படமும் ஊரெல்லாம் போயிற்று. தெருவில் பிள்ளைகள் "நீ ஆம்பளையா?" "சரி!" என்று சொல்லி விளையாடுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. முன்னறை நாற்காலிகள் காலியாயின. வாயில்லாதவளிடம் முறையிட்டு என்ன பிரயோசனம்? வந்தவர்களுக்கும் கண்ணைப் பார்க்கக் கூச்சமாயிருந்தது. தையல்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்தார்.

மகள் ஊருக்குப் போகுமுன் அப்பாவுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள்: "எதையும் கேக்காதீங்கப்பா. ரெண்டு பொருளை முன்னால வையுங்க. இடது கை எதைத் தொடுதோ அதைக் குடுங்க." அது நன்றாகவே நடந்தது. எந்தப் புடவை, எந்த ஜன்னல், சோறா கஞ்சியா, எல்லாம் அவள் கை தொட்டுக் காட்டியது. ஆனால் மனசில் இருப்பதை எந்தத் தட்டில் எடுத்து வைப்பது? ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் பேசுவாள். கேள்வியே கேட்கமாட்டாள். எந்த வண்டி தாமதம், மேலதிகாரி என்ன திட்டினார், தன் பிள்ளை எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டது என்று தன் வாரத்தை முழுதும் கொட்டுவாள். இத்தனை வருஷமாகக் கேட்க நேரமில்லாமல் போனதையெல்லாம் இப்போது அசைய முடியாமல் உட்கார்ந்து கேட்டாள் அவள். சில நாள் அலுப்பாகக்கூட இருந்தது. போனை வைக்கச் சொல்லவும் வழியில்லை.

மகன் பேசவில்லை. காலையில் வருவான், தூக்குவான், உட்கார வைப்பான், போவான். முன்பெல்லாம் தூக்கும்போது, "போலாமா ரைட்" என்று கண்டக்டர் மாதிரி ஏதாவது சொல்வான். அது நின்றுபோயிற்று. அவன் கையில் முரட்டுத்தனம் இல்லை. பழைய கவனம் அப்படியே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை. கோபமாகக் கத்தினால்கூட அவனைக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கலாம்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் அவளைத் தூக்கினான். இடக்கையை அவன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில், அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்: "கடைக்கு வேற இடம் பாத்திருக்கேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல. சின்னதுதான்."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். எது வந்தாலும் தப்பாகப் போகும். அவன் அவளை நாற்காலியில் இறக்கினான். அவள் கை அவன் கழுத்திலிருந்து இறங்கவில்லை. குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான். ஜன்னலில் சாரல் அடித்தது. முன்னறையில் மெஷின் ஓடி ஓடி நின்றது.

"விடும்மா, கடை திறக்கணும்" என்றான்.

கையை விடத்தான் நினைத்தாள். அதுவும் கேட்கவில்லையோ, இல்லை அவள்தான் விடவில்லையோ. அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்து மடியில் வைத்தான். சாரல் படாத இடமாக நாற்காலியைத் தள்ளி நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனான்.